சண்டைச் செலவும் சமுதாயச் செலவும்

 

இம்முறை பாடத்துக்கு எடுத்துக் கொண்ட விஷயம் யுத்தச் செலவு. யுத்தத்தைப் பற்றி எழுத ஒரு மளிகைக் கடைக்காரருக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லோம். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம் படிப்பு. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டி கற்றுக் கொடுத்தது. படைகளைப் பற்றி நமக்குத் தெரியாது. ஆனால் செலவைப் பற்றித் தெரியும். எந்தச் செலவு திரும்பி வரும், எந்தச் செலவு திரும்பி வராது என்று பார்த்துப் பார்த்தே நமக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த அறிவைக் கொண்டே இந்தக் கணக்கைப் பார்ப்போம்.

கூலிமில் உள்ள எமது கடையில், கல்லாவுக்குக் கீழே பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அதனுள் கட்டுக் கட்டாக நோட்டுகள். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் அச்சாகியிருக்கும். ஜப்பான்காரர் காலத்தில் எமது பாட்டனார் அரிசியும் பருப்பும் துணியும் விற்று வாங்கிய காசு அது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து விட்டனர். மூன்றரை வருஷ வியாபாரம் ஒரே நாளில் காகிதமாயிற்று. பாட்டனார் அவற்றை எரிக்கவில்லை. பேரேட்டோடு சேர்த்து வைத்தார். “இது யுத்தம் நமக்கு எழுதிக் கொடுத்த ரசீது. பத்திரமாக இருக்கட்டும்” என்பாராம். அந்த ரசீதை விரித்து வைத்துக் கொண்டுதான் இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. செலவு மூன்று வகை

வியாபாரிகளாகிய நம் கணக்கில் செலவு மூன்று வகைப்படும். முதலாவது, முதலாக மாறும் செலவு. சரக்குப் போடுவது, கடையை விஸ்தரிப்பது, பையனுக்குத் தொழில் கற்றுக் கொடுப்பது எல்லாம் இதில் அடங்கும். இன்று கையை விட்டுப் போனாலும் நாளை ஐந்தொகை போடும்போது அது வரவுப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இரண்டாவது, காவல் செலவு. கடைக்குப் பூட்டு வேண்டும், இரும்புக் கதவு வேண்டும். இது லாபம் தராது. ஆனாலும் தவிர்க்க முடியாது. பூட்டே வேண்டாம் என்று சொல்கிறவரை நாம் வியாபாரி என்று ஒப்புக் கொள்ள மாட்டோம்.

மூன்றாவது, சண்டைச் செலவு. பக்கத்துக் கடைக்காரரோடு வம்பு வளர்த்து, அவர் விலையைக் குறைத்தால் நாமும் நஷ்டத்துக்கு விற்று, வழக்குப் போட்டு, வக்கீலுக்குக் கொடுத்து அழிக்கும் பணம் அது. ஐந்தொகையில் அதற்கு இடமே கிடையாது. எத்தனை ஆயிரம் போட்டாலும் வருஷக் கடைசியில் அதற்கு ஈடாகக் காட்ட ஒரு மூட்டை சரக்கும் இராது.

ஒரு சர்க்காரின் கணக்கும் இப்படித்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வாய்க்கால், பாதை இவையெல்லாம் முதல் வகை. அளவான படை இரண்டாம் வகை. யுத்தம் மூன்றாம் வகை. இரண்டாம் வகை எப்போது மூன்றாம் வகையாக மாறுகிறது என்று கண்டு கொள்வதே இப்பாடத்தின் நோக்கம். இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கெடா மாநிலத்து மண்ணிலேயே அத்தாட்சி இருக்கிறது.

2. பீரங்கிக்குப் போன பணம்

1912-ம் வருஷம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் கூட்டு சர்க்கார், ஆங்கிலேயக் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலை அன்பளிப்பாகத் தருவதாக வாக்களித்தது. ஈயத்திலும் ரப்பரிலும் வந்த வரிப்பணத்தில், ஏறத்தாழ 30 லட்சம் பவுன் செலவில் அது கட்டப்பட்டது. அதற்கு “மலாயா” என்றே பெயரிட்டனர். 1915-ல் தண்ணீரில் இறங்கிய அக்கப்பல் 1948-ல் பழைய இரும்பாக உடைக்க விற்கப்பட்டது.

அதே காலத்தில் ரப்பர் தோட்டங்களில் என்ன நடந்தது? காட்டை வெட்டித் திருத்த வந்த நம் தமிழ்ச் சனங்கள் மலேரியாக் காய்ச்சலில் கூட்டம் கூட்டமாக மடிந்து கொண்டிருந்தனர். மருந்து தெரியாத நோயா அது? மால்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901 முதற்கொண்டே கிள்ளான் பட்டணத்தில் சதுப்பு நிலத்தை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டியிருந்தார். வேண்டியிருந்தது மண்வெட்டியும் வாய்க்காலும்தான். வாய்க்காலுக்குப் பணம் மெதுவாக வந்தது. கப்பலுக்கு உடனே வந்தது.

பிறகு சிங்கப்பூரில் கடற்படைத் தளம் கட்டினார்கள். ஏறத்தாழ 6 கோடி பவுன் செலவாயிற்று. 1938-ல் திறந்து வைத்தார்கள். நம் கெடாவில் அலோர் ஸ்டாரிலும் சுங்கைப்பட்டாணியிலும் ஆகாய விமானத் தளங்கள் அமைத்தார்கள். 1941 டிசம்பர் 8-ந் தேதி ஜப்பான் படை சிங்கோரா, பட்டாணி, கோத்தா பாரு கடற்கரைகளில் இறங்கியது. அன்றே சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தின் மீது குண்டு விழுந்தது. டிசம்பர் 11 முதல் 13 வரை ஜித்ராவில் சண்டை. ஆங்கிலேயர் பின்வாங்கிய வேகத்தில், சேர்த்து வைத்திருந்த உணவும் பெட்ரோலும் குண்டுகளும் ஜப்பானியர் கையில் சிக்கின. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூரும் வீழ்ந்தது. பத்து வருஷங்களுக்கு மேலாகக் கொட்டிய பணம் எழுபது நாளில் எதிரியின் சரக்காயிற்று!

கடனை அடைத்தது யார்? தோட்டத்து ஏழைகள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. கைதிகளான வெள்ளைச் சிப்பாய்களில் 12,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் மாண்டவர்கள் அதைப்போல் பல மடங்கு. பெயர் எழுதி வைக்கக்கூட ஆளில்லாமல் அவர்கள் காட்டில் புதைந்தார்கள். இவ்வளவு உயிரைக் கொடுத்துப் போட்ட அந்தப் பாதையில் இன்று சயாம் பக்கத்தில் நாம் தோக் வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டரில்தான் ரயில் ஓடுகிறது. மீதியைப் பிடுங்கியும் காடு மூடியும் போயிற்று.

அதே 1943 அக்டோபரில் நம் கெடாவையே ஜப்பான்காரர் சயாம் ராஜ்யத்திடம் தூக்கிக் கொடுத்தார்கள். இங்குள்ள சனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டைக்குத் தீர்மானம் போடுகிறவர் ஒருவர். பற்று எழுதப்படுவது வேறொருவர் பெயரில். இது முதற் பாடம்.

3. டின்னில் துளை போட்ட காலம்

யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆவதற்குள் 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டில் கம்யூனிஸ்டுகள், நாட்டில் பட்டாளம். 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு வருஷம் அது நீடித்தது. ஏறத்தாழ 11,000 பேர் மாண்டார்கள். அவர்களில் சுமார் 2,500 பேர் இரு தரப்பிலும் சேராத பொதுமக்கள். 1950-ல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 லட்சம் பேரைக் காட்டோரத்திலிருந்து பெயர்த்துக் கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்று சேர்த்து வேலி போட்டார்கள்.

அந்தக் காலத்தில் மளிகைக் கடை நடத்துவது லேசான காரியமன்று. காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக, கட்டுப்பாடு விதித்த இடங்களில் அரிசியை அளந்தே கொடுக்க வேண்டும். வாங்குகிறவரின் பெயர், அடையாளக் கார்டு எண், சரக்கின் அளவு எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். பால் டின், சார்டின் டின் விற்றால் கடையிலேயே துளை போட்டுக் கொடுக்க வேண்டும். எமது அத்தாவுக்கு அப்போது எட்டு வயது. ஆணியும் சுத்தியலும் வைத்துக் கொண்டு டின்னில் துளை போடும் வேலை அவருக்கு. துளை போட்ட டின் மறுநாள் வரை தாங்காது. ஆகவே ஒரு வாரத்துக்குச் சாமான் வாங்க வந்த தோட்டத்து ஆள் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிப் போவார். சில இடங்களில் பால் வெட்டப் போகிறவர் பகல் சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டு போக முடியாது. விடியலில் குடித்த தேத்தண்ணீரோடு மத்தியானம் வரை நிற்க வேண்டும்.

இங்கே நம்மில் சிலர் ஒரு நியாயம் சொல்வதுண்டு. “யுத்தம் வந்தால் விலை ஏறும், வியாபாரிக்கு லாபம்தானே?” இதற்கும் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 1950 ஜூனில் கொரியாவில் யுத்தம் மூண்டது. 1949-ல் ராத்தலுக்குச் சராசரி 38 காசு விற்ற ரப்பர், 1951-ல் 169 காசுக்கு ஏறியது. தோட்டங்களில் கையில் காசு புழங்கியது. கடைக்காரர்கள் கடன் வாங்கிச் சரக்கு நிரப்பினார்கள். 1953-ல் சராசரி விலை 67 காசு! பற்று எழுதி வாங்கியவர்களால் கொடுக்க முடியவில்லை. நிரப்பிய சரக்கு விற்கவில்லை. சர்க்காரின் கதையும் அதுவே. ரப்பர் உச்சத்தில் வந்த வரிப்பணம், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியுமாக மாறியிருக்க வேண்டிய பணம், பெரும் பங்கு அவசரகாலச் செலவுக்கே போயிற்று. தூரத்து யுத்தம் கொடுத்ததைக் கிட்டத்து யுத்தம் எடுத்துக் கொண்டது. யுத்த லாபம் கடனாக வந்த லாபம் என்பது இரண்டாம் பாடம்.

4. பாலிங் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள்

1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் உலகத்தின் பார்வை நம் கெடாவிலுள்ள பாலிங் என்ற சிறு பட்டணத்தின் மீது விழுந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமாதானப் பேச்சு நடந்தது. ஒரு பக்கம், நம் அலோர் ஸ்டாரில் பிறந்த முதல் மந்திரி துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதல் மந்திரி டேவிட் மார்ஷல், சீனர் சங்கத் தலைவர் டான் செங் லோக். மறு பக்கம், காட்டிலிருந்து வந்த சின் பெங், சென் தியென், ரஷீத் மைதீன்.

பேச்சு முறிந்தது. தங்கள் கட்சியைச் சட்டபூர்வமாக அங்கீகரிக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். முடியாது, ஆயுதத்தை வைத்துச் சரணடைய வேண்டும் என்றது சர்க்கார். சரணடைதல் என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. காட்டுக்குத் திரும்பினார்கள். சண்டை மேலும் நாலரை வருஷம் நடந்தது. 1960-ல் அவசரகாலம் முடிந்தும் தீரவில்லை. 1968-ல் சயாம் எல்லையில் மீண்டும் துப்பாக்கி வெடித்தது. கடைசியில் 1989 டிசம்பர் 2-ந் தேதி ஹாட்யாய் பட்டணத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அந்தப் பத்திரத்தில் சரணடைதல் என்ற சொல் இல்லை. சண்டையை நிறுத்தினார்கள், ஆயுதங்களை அழித்தார்கள், படையைக் கலைத்தார்கள், அவ்வளவே.

பாலிங்கிலிருந்து ஹாட்யாய்க்குக் காரில் போனால் சில மணி நேரப் பயணம். சமாதானம் அந்தத் தூரத்தைக் கடக்க 34 வருஷம் பிடித்தது. அந்த ஒரு சொல்லே முழுக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. உலக நிலைமை, கட்சிகளின் பிடிவாதம், அயல்நாடுகளின் தூண்டுதல் எல்லாம் சேர்ந்திருந்தன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதும் நம் வேலையன்று. ஆனால் ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்க மனம் வராததற்கு எவ்வளவு வட்டி கட்ட வேண்டி வரும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டாது. இது மூன்றாம் பாடம்.

5. வாய்க்காலில் போட்ட பணம்

இனி ஐந்தொகையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அவசரகாலம் முடிந்த பிறகு கிராமப் பாதை, குடிதண்ணீர், மருத்துவ நிலையம் ஆகியவற்றுக்கு சர்க்கார் முன்னைக் காட்டிலும் தாராளமாகச் செலவிட முடிந்தது. 1962 முதல் ஆரம்பப் பள்ளிகளில் சம்பளம் வாங்குவது நின்றது. தோட்டத்துப் பிள்ளையின் படிப்பை “சம்பளம் கட்ட முடியவில்லை” என்று நிறுத்துகிற காலம் அதோடு போயிற்று. இதற்குப் பல காரணங்கள் உண்டு. துப்பாக்கி ஓய்ந்ததும் அவற்றில் ஒன்று.

நம் கெடாவுக்குக் கிடைத்த பெரிய பரிசு மூடா நீர்ப்பாசனத் திட்டம். 1965-ல் உலக வங்கி இதற்காக 4 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. மூடா, பெடு என்ற இரண்டு அணைகள் கட்டினார்கள். மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு போகம் விளைந்த கெடா, பெர்லிஸ் சமவெளியில் 1970 முதற்கொண்டு இரு போகம் விளையத் தொடங்கியது. ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் நிலம் அதனால் பயனடைந்தது.

இதில் வியாபாரிக்கு என்ன? அலோர் ஸ்டார் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு போகக் காலத்தில் மலாய் விவசாயி வருஷம் முழுதும் பற்றில் சாமான் வாங்கி, அறுவடைக்குப் பின் ஒரே தடவை கணக்குத் தீர்ப்பார். விளைச்சல் பொய்த்தால் கடைக்காரரும் சேர்ந்து விழுவார். இரு போகம் வந்த பின் வருஷத்துக்கு இரண்டு தடவை கணக்குத் தீர்ந்தது. துணிக்கடை, மளிகைக் கடை, பாத்திரக் கடை எல்லாம் நிமிர்ந்தன. கடன் வாங்கிக் கட்டிய அணைதான். ஆனாலும் அன்று போட்ட பணம் இன்றும் வருஷத்துக்கு இருமுறை நெல்லாக வந்து கொண்டிருக்கிறது. “மலாயா” கப்பலையும் பெடு அணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றாம் வகைச் செலவுக்கும் முதல் வகைச் செலவுக்கும் உள்ள பேதம் குழந்தைக்கும் விளங்கும்.

6. இன்றைய கணக்கு

“இதெல்லாம் பழங்கதை” என்று ஒதுக்க இயலாது. ஸ்டாக்ஹோமில் உள்ள சமாதான ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, 2024-ல் உலக நாடுகள் யாவும் படைக்குச் செலவிட்டது 2 லட்சத்து 71 ஆயிரம் கோடி அமெரிக்க டாலருக்கு மேல். நாளொன்றுக்கு 740 கோடி டாலருக்கும் அதிகம். அதே வருஷத்தில் உலகில் பசியோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 67 கோடி பேர் என்று ஐக்கிய நாட்டு ஸ்தாபனங்கள் கணக்கிட்டுள்ளன. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் வாழ்நாளெல்லாம் பட்டாளத்தில் இருந்தவர். அவரே 1953-ல் பேசிய ஒரு பேச்சில், ஒரே ஒரு பெரிய குண்டு விமானத்தின் விலையில் முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஊருக்கொரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் சொன்ன கணக்கை அவருடைய நாடே கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நம் நாட்டுக் கணக்கு எப்படி? 2025 பட்ஜெட் 42,100 கோடி வெள்ளி. அதில் கல்வி அமைச்சுக்கு 6,410 கோடி, சுகாதார அமைச்சுக்கு 4,530 கோடி, தற்காப்பு அமைச்சுக்கு 2,120 கோடி. பூட்டுக்கு ஒரு பங்கு என்றால் பள்ளிக்கூடத்துக்கு மூன்று பங்கு. இப்படி ஒரு கணக்கு எழுத முடிவதற்குக் காரணம், 1966-ல் இந்தோனேசியாவோடு இருந்த சண்டையைப் பேசித் தீர்த்ததும், மறு வருஷமே அயல்நாடுகளோடு சேர்ந்து ஆசியான் அமைத்ததும், 1989-ல் ஹாட்யாயில் கையெழுத்திட்டதும் ஆகும். அயலாரோடு சமாதானமாக இருக்கிறவனுக்குச் சிறிய பூட்டே போதும்.

ஆனால் பூட்டு வாங்கும் பணத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும். ஆறு போர்க்கப்பல்களுக்கு 900 கோடி வெள்ளி என்று ஒப்பந்தம் செய்து, 600 கோடிக்கு மேல் கொடுத்த பின்னும் ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு எடுத்துரைத்தது. மறு வருஷம் கப்பல் ஐந்தாகக் குறைந்தது. விலை 1,120 கோடியாக உயர்ந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகினால் ஆசிரியர் உடனே கேட்பார், பெற்றோர் கேட்பார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் போகும் பணத்தைக் கேட்க மட்டும் எல்லாரும் கூசுகிறோம். கேள்வி கேட்கப்படாத செலவு, காவல் செலவாகத் தொடங்கி வீண் விரயமாக முடியும். இது நான்காம் பாடம்.

7. நம் வீட்டுக் கணக்கு

சகோதரர்களே! சர்க்காரைப் பற்றிப் பேசுவது சுலபம். நம் சிட்டையையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

நம் வட்டாரத்தில் ஒரு சங்கம். பெயர் சொல்லப் போவதில்லை. அச்சங்கத்துக்கு இரண்டு கடைவீடுகள் உண்டு. முன்னோர்கள் வாங்கி வைத்தது. அதன் வாடகையில் தோட்டத்துப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. எந்த மதத்துப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. நம் முன்னோர் தோட்டத்து ஜனங்களிடம் வியாபாரம் செய்தே பிழைத்தார்கள், ஆகவே அது அவர்களுக்குரிய ஹக்கு என்று கருதினார்கள். நான்கு வருஷங்களுக்கு முன் நிர்வாகத்தில் இரண்டு கட்சி ஏற்பட்டது. ஒரு கட்சி மறு கட்சியின் மேல் வழக்குப் போட்டது. வாடகை முடங்கிப் போயிற்று. சேமிப்பில் இருந்த பணம் வக்கீல்களுக்குப் போயிற்று. வழக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டாம் வருஷத்திலேயே பெரியவர்கள் மூவர் உட்கார்ந்து ராஜி எழுதினார்கள். எல்லாம் ஒத்து வந்தது. ஆனால் ஒரு கட்சி, பத்திரத்தில் “மன்னிப்பு” என்ற சொல் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. மறு கட்சி மறுத்தது. ராஜிப் பத்திரம் கிழிந்தது. மன்னிப்பு வேண்டும் என்று நின்ற கட்சியில் நாமும் ஒருவர். வழக்கில் எமது கையெழுத்தும் இருக்கிறது.

போன வருஷம் ஒரு நாள், பழைய தோட்டத்துப் பெண்மணி ஒருவர் கடைக்கு வந்தார். தோட்டம் விற்றுப் போய்ப் பட்டணத்து அடுக்கு வீட்டில் குடியிருக்கிறார்கள். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. சாமான் கட்டிக் கொண்டிருந்தபோது, “பாய், இந்த வருஷமும் அந்தப் பணம் வராதுங்களா?” என்று கேட்டார். கேஸ் நடக்கிறதம்மா என்றோம். “உங்களுக்குள்ள என்ன கேஸு பாய்?” என்றார். நமக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு வருஷம் தொழிற்சாலையில் வேலை பார்த்துக் காசு சேர்த்துக் கொண்டுதான் படிக்கப் போனாள். அந்த ஒரு வருஷத்தை எந்தக் கோர்ட்டு அவளுக்குத் திருப்பிக் கொடுக்கும்?

பாலிங்கில் கூடியவர்களைக் குறை சொல்லும் நாம், ஹுதைபிய்யாவை எத்தனை தடவை பயானில் கேட்டிருக்கிறோம்! ஹிஜ்ரி 6-ல், அதாவது கி.பி. 628-ல், உடன்படிக்கை எழுதும்போது எதிர்த்தரப்பார், “அல்லாஹ்வின் தூதர்” என்ற சொல்லை எடுத்தாலொழியக் கையெழுத்திட மாட்டோம் என்றனர். தோழர்கள் கொதித்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ அச்சொல்லை அழிக்கச் செய்து, “அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது” என்று எழுத இசைந்தார்கள். அன்று அவர்களோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர். இரண்டு வருஷத்தில் மக்கா நகருக்குள் நுழைந்தபோது உடன் வந்தவர்கள் 10,000 பேர். தமக்கு முழு உரிமையுள்ள சொல்லையே அவர்கள் விட்டுக் கொடுத்தார்கள். நாம் ஒரு “மன்னிப்பு” என்ற சொல்லுக்காக நான்கு வருஷம் பிள்ளைகளின் படிப்பைப் பணயம் வைத்தோம்.

ஆகவே இப்பாடத்தை எழுதி முடிக்கும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டியதாயிற்று. வழக்கிலிருந்து எமது கையெழுத்தை மீட்டுக் கொள்வதாகக் கடிதம் எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்து விட்டோம். அந்தச் சொல் இல்லாத ராஜிப் பத்திரத்தை மறுபடி எழுதினால் முதலில் கையெழுத்திடுகிறோம் என்றும் எழுதியிருக்கிறோம். எமது கட்சிக்காரர்களில் சிலர் பேச்சை நிறுத்தி விட்டார்கள். ஒருவர் சாமான் வாங்குவதையும் நிறுத்தி விட்டார். அவர்கள் மனம் மாற அல்லாஹ் அருள் புரிவானாக. மன்னிப்பைப் பற்றிய பேச்சைக் கடைவீட்டு வாடகை பிள்ளைகளுக்குப் போய்ச் சேரத் தொடங்கிய பின் சாவகாசமாகப் பேசிக் கொள்ளலாம்.

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தின் சென்ற வருஷக் கணக்கை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் முதல், காவல், சண்டை ஆகிய மூன்று வகைச் செலவும் எவ்வளவு?

2. தோட்டத்திலும் அடுக்கு வீட்டிலும் உள்ள பிள்ளைகளில், பணமில்லாமல் படிப்பு நின்ற எத்தனை பேரை நீங்கள் பெயர் சொல்லி அறிவீர்கள்?

3. விலை ஏற்றத்தில் கிடைத்த லாபம் எப்போதாவது உங்கள் கையில் நிலைத்ததுண்டா? 1951-ம் 1953-ம் வருஷத்து ரப்பர் விலையோடு ஒப்பிட்டுப் பேசுக.

4. நீங்கள் சம்பந்தப்பட்ட தகராறு ஒன்றில், தீர்ப்பைத் தடுத்து நிற்கும் ஒரு சொல் எது? அதை விட்டுக் கொடுத்தால் உண்மையில் எதை இழப்பீர்கள்?

ஜமாஅத்துகளில் கூடிப் பேசி, உங்கள் விடைகளை எழுதியனுப்புங்கள். வஸ்ஸலாம்.